கடல் கடந்த தொட்டில்

கண்டி வாவியின் கரையோரப் பாதையில், தலதா மாளிகைக்கு வருவோரிடையே, உள்ளூர் மக்கள் இருமுறை திரும்பிப் பார்க்கும் ஒருவகை விருந்தினர் உளர். முகம் நம் முகம். நிறம் நம் நிறம். ஆனால் வாய் திறந்தால் வருவது டச்சு மொழி, அல்லது சுவீடிஷ், அல்லது ஜெர்மன். கையில் ஒரு பழைய கடித உறை. அதனுள்ளே மங்கிப்போன பிறப்புச் சான்றிதழ் ஒன்றும், நீதிமன்றக் கட்டளையின் பிரதி ஒன்றும், கைக்குழந்தையை ஏந்தி நிற்கும் ஒரு பெண்ணின் நிழற்படம் ஒன்றும் இருக்கும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் இத்தீவிலிருந்து மகவேற்கப்பட்டு மேல்நாடு சென்ற குழந்தைகளே இவர்கள். பெற்ற தாயைத் தேடி மீண்டும் வருகிறார்கள்.

பிறர் பெற்ற பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்கும் வழக்கம் நமக்குப் புதியதன்று. பாரதத்துக் கர்ணன் தேரோட்டியின் மனைவி இராதையால் வளர்க்கப்பட்டவன். அவளுடைய பெயராலேயே இராதேயன் என்றும் அழைக்கப்பட்டவன். யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுத்து 1707இல் ஒல்லாந்தர் ஏற்படுத்திய சட்டக்கோவையிலும் மகவேற்புக்கு இடமுண்டு. உறவினரின் இசைவும், மஞ்சள் நீர் அருந்தும் சடங்கும் அதற்கு வேண்டப்பட்டன. கண்டிச் சட்டமும் மகவேற்பை ஏற்றுக்கொண்டது. 1938ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்திற்குப் பின், பிள்ளைக்கு மரபுரிமை வழங்குவதே நோக்கம் என்பதை நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் உறுதிசெய்தல் வேண்டும் என்ற நியதி உண்டாயிற்று. இவ்வழக்கங்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை காணலாம். பிள்ளை யாருடையது என்பதை ஊர் அறியும், உறவு அறியும். எதுவும் மறைவில் நிகழவில்லை.

நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச்சட்டத்தால் வந்தது. மகவேற்போர் 25 வயதை அடைந்தவராகவும், பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. பெற்றோரின் சம்மதம் வேண்டும். பிள்ளை 10 வயதைக் கடந்திருப்பின் அதன் சம்மதமும் வேண்டும். முடிவு கூறுவது மாவட்ட நீதிமன்றம். பதிவு செய்வது பதிவாளர் நாயகம். சட்டத்தின் உள்ளம் நல்லது. ஆயினும், சட்டம் காகிதத்தைத்தான் பார்க்கிறது. காகிதத்தில் எழுதியிருப்பது உண்மைதானா என்று பார்க்க வேண்டியவர் மனிதர். அந்த இடத்திலேதான் பிழை புகுந்தது.

1970களிலும் 1980களிலும் ஐரோப்பாவில் பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் பலர் கீழ்நாடுகளை நோக்கினர். அவர்தம் நாடுகளில் மகவேற்புக்குரிய கைக்குழந்தைகள் அருகிவிட்டன. அத்தகைய குடும்பங்களின் அனுபவங்கள் ஓரச்சில் வார்த்தவை போல ஒத்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கான காத்திருப்பு, பின் ஒரு நாள் ஒரு செய்தி, கட்டுநாயக்காவுக்கு விமானப் பயணம், சில வாரங்கள் ஒரு விடுதியில் தங்கல், நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது. அங்கே ஒரு பெண் தலைகுனிந்து நிற்பாள். கேட்ட கேள்விக்கு "ஆம்" என்பாள். குழந்தை கைமாறும். மொழி தெரியாத அத்தம்பதியர் அவள் கண்ணீரைக் கண்டு தாமும் கண்ணீர் விடுவர். ஓர் ஏழைக் குழந்தைக்கு வாழ்வளித்தோம் என்ற நிறைவுடன் திரும்புவர். அவர்களுள் பெரும்பாலோர் நல்லெண்ணத்துடன் வந்தவர்களே. குழந்தைகளை அன்புடன் வளர்த்தவர்களே.

ஆனால் நீதிமன்றத்தில் நின்ற அப்பெண் தாய்தானா? பல வேளைகளில் அல்லள் என்பது பின்னர் வெளிப்பட்டது. கூலி பெற்றுக்கொண்டு தாயாக நடித்த பெண்கள் இருந்தனர். பிறப்புச் சான்றிதழ்களில் பொய்ப் பெயர்கள் எழுதப்பட்டன. கருவுற்ற ஏழைப் பெண்களைத் தங்கவைத்துக் குழந்தைகளை விற்ற மனைகள் இருந்தன. 'குழந்தைப் பண்ணை' என்ற கொடிய பெயர் அவற்றுக்கு வழங்கிற்று. சில தாய்மாரிடம் குழந்தை இறந்துவிட்டதாகவே கூறப்பட்டது என்றும் சாட்சியங்கள் உள்ளன. தரகர் பெற்ற தொகை பெரிது. தாயின் கைக்கு வந்தது அற்பம்.

தம் பிள்ளையை மெய்யாகவே கொடுத்த தாய்மார் ஏன் கொடுத்தனர்? மணமாகாமற் பெற்றவள் என்ற பழி ஒரு காரணம். வறுமை மற்றொரு காரணம். கண்டியைச் சூழ்ந்த மலைச்சாரல்களை எண்ணிப் பார்த்தல் இங்கே பொருத்தமாகும். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட நாள்முதல், அந்தத் தோட்டங்களின் லயத்து அறைகளில் வாழ்ந்த பெண்களுக்குக் கொழுந்துக் கூடையே வாழ்வு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. ஆகவே, தோட்டத்தில் பிறந்த ஒரு பிள்ளை தன் தாயைத் தேடி வருங்கால், அத்தாய் தலைமன்னாரில் கப்பலேறி நீலகிரிக்கோ திருச்சிக்கோ சென்றிருக்கவும் கூடும். ஒரு கடலைத் தாண்டி வந்த பிள்ளை இன்னொரு கடலையும் தாண்ட வேண்டிய நிலை!

முறைகேடுகள் வெளிப்பட்டபின் இலங்கை அரசு 1987இல் வெளிநாட்டு மகவேற்பைத் தற்காலிகமாக நிறுத்தியது. 1992ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், அரசாங்க இல்லங்களிலோ பதிவுபெற்ற சிறுவர் இல்லங்களிலோ உள்ள பிள்ளைகளையே வெளிநாட்டார் மகவேற்கலாம் என்று வரையறுத்து, இலங்கையருக்கே முதலிடம் அளித்தது. 1993இல் ஹேக் நகரில் உருவான மகவேற்பு உடன்படிக்கையை மெக்சிகோவும் ருமேனியாவும் ஏற்றபின், 1995இல் மூன்றாவதாக ஏற்றது இலங்கை. அந்த மூன்றாவது ஏற்புறுதியாலேயே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. பிள்ளைக்குத் தன் நாட்டிலேயே குடும்பம் கிடைக்குமா என்று முதலில் பார்த்தல். தாயின் சம்மதத்தைப் பிள்ளை பிறந்த பின்னரே, பணமோ வற்புறுத்தலோ இன்றிப் பெறுதல். பிள்ளையின் பிறப்பு மூலம் பற்றிய செய்திகளைப் பேணிக் காத்தல் ஆகிய மூன்றும் அதன் உயிர்நிலைகள்.

மேல்நாடுகளும் பிந்தியேனும் விழித்துக்கொண்டன. நெதர்லாந்துக்கு மட்டும் இலங்கைக் குழந்தைகள் 3,000 பேருக்கு மேல் சென்றிருந்தனர். 2017இல் ஒல்லாந்தத் தொலைக்காட்சி ஒன்று இம்மோசடிகளை வெளிக்கொணர்ந்தது. 2021இல் அந்நாட்டு விசாரணைக் குழு, கடுமையான முறைகேடுகள் நடந்தன என்றும், அவற்றை அரசு அறிந்திருந்தும் தடுக்கவில்லை என்றும் அறிக்கையிட்டது. அரசு மன்னிப்புக் கோரியது. சுவிட்சர்லாந்து அரசும் 2020இல் தன் தவற்றை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. வெளிநாட்டு மகவேற்பைப் படிப்படியாக முடித்துக்கொள்வதென நெதர்லாந்து 2024இல் முடிவு செய்தது.

இனி, தேடி வருவோர் என்ன செய்கின்றனர்? மருத்துவமனைப் பதிவேடு, பதிவாளர் நாயகத்தின் ஏடு, நீதிமன்ற வழக்குக் கோவை ஆகிய மூன்றையும் ஒத்துப் பார்க்கின்றனர். மூன்றும் பொய்த்தால் மரபணுச் சோதனை ஒன்றே துணை. அதற்குத் தாயோ உறவினரோ முன்வருதல் வேண்டும். நிழற்படத்திலுள்ள பெண்ணைக் கண்டுபிடித்த பின், அவள் தாயல்லள் என்று சோதனை கூறும்போது, நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த முகமே இல்லாமற் போகிறது. அத்துயரை அளக்க ஏது கோல்?

தாயின் பக்கமும் உண்டு. பின்னாளில் மணமுடித்து, பேரப்பிள்ளைகளும் கண்டு, பழைய செய்தியை ஒருவருக்கும் உரையாமல் வாழும் ஒருத்தியின் வாசலில் திடீரெனப் போய் நிற்பது அவளுக்கு அநீதியாகலாம். இடையிலே நின்று, இரு பக்கத்தின் விருப்பத்தையும் மெல்ல அறிந்து, அதன்பின் சந்திக்கச் செய்தலே முறை. ஊரார் அங்கே கூட்டங்கூடி வேடிக்கை பார்த்தல் பண்பன்று.

மகவேற்பு இன்றும் வேண்டப்படுவதே. சிறுவர் இல்லத்தில் வளரும் குழந்தைக்கு ஒரு மடி வேண்டும். பிள்ளையில்லாத வீட்டிற்கு ஒரு மழலை வேண்டும். ஆயின் அந்த உறவு பொய்யின்மேல் கட்டப்படலாகாது. நம் நாட்டுப் பெற்றோருள்ளும் பலர், "வளர்ப்புப் பிள்ளை என்று தெரிந்தால் அன்பு குறைந்துவிடும்" என்றஞ்சி உண்மையை மறைக்கின்றனர். சிறு பருவத்திலேயே, விளங்கும் சொற்களில், அன்புடன் சொல்லிவிடுதலே நன்று. அயலார் வாயால் அறியும் உண்மை நெஞ்சைக் குத்தும். தாய் தந்தையர் வாயால் அறியும் உண்மை தாங்கக்கூடியதாகும். பிள்ளையின் காகிதங்களையும் நகைபோலப் பேணி வைத்தல் வேண்டும்.

கர்ணன் தன் பிறப்பை அறிந்த பின்னும் இராதையின் மகனாகவே வாழ்ந்தான். குந்தி வந்து உண்மையை உரைத்தபோது வளர்த்தவளின் அன்பு அவனிடம் குறையவில்லை. அவனை வருத்தியது உண்மையன்று. அவ்வுண்மை அத்தனை காலம் மறைக்கப்பட்டிருந்ததே. வாவிக்கரையில் கடித உறையுடன் நிற்கும் அந்த மனிதர்கள் நம்மிடம் கேட்பதும் வேறொன்றுமில்லை. தங்கள் கதையின் முதல் பக்கத்தையே கேட்கிறார்கள். அதை அறிந்தவர் எவரேனும் நம்மிடையே இருப்பின், அவர் வாய் திறத்தலே அறம்.