பற்றைக்குள் போன வளவில் குடியிருந்தவர் யார்?

1990 ஒக்டோபரில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் கைக்குழந்தைகளாக இருந்தவர்களுக்கு இன்று 35 வயது கடந்துவிட்டது. புத்தளத்தில் வளர்ந்த இவர்கள் ஊருக்குத் திரும்பிப் பார்க்கும்போது பல இடங்களில் மிஞ்சியிருப்பது கிணறும் அத்திவாரமும்தான். "எங்கள் வளவு" என்கிறார்கள். அங்கே யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால், வாப்பாவின் பெயருக்கு மேல் சொல்லத் தெரிவதில்லை.

இதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியும். ஆனால் வெளிநாட்டார் குடும்பப் பெயரை வைத்துத் தேடுவது போல நாம் தேட முடியாது. நமக்கு வாப்பாவின் பெயர்தான் முதலெழுத்து. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். போதாததற்கு, ஒரே ஆள் ஒரு பதிவில் அப்துல் காதர், இன்னொன்றில் வெறும் காதர். ஆகவே ஆள் ஆளாகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

முதலில் வீட்டிலுள்ள பழைய பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் ஆகியவற்றுக்கு அதில் தனிக் கூடு உண்டு. அடுத்தது விவாகப் பதிவு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழான பதிவில் மணமக்களின் வதிவிடமும் வலீயின் பெயரும் கிடைக்கும்.

வாக்காளர் இடாப்பு வேறு வகையில் உதவும். அது உறவைப் பார்க்காது, வீட்டைப் பார்க்கும். உரிமையாளரோடு வாடகைக்கு இருந்தவரும் அதில் வருவார். ஆனால் 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இருக்கமாட்டார்கள். வெளியேற்றத்துக்கு முந்திய ஆண்டுகளின் இடாப்பு கிடைக்குமா என்று மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலோடு திரும்பி வராதீர்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டால், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

உறுதி தொலைந்துவிட்டதே என்று பலர் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உறுதியின் அட்டவணையில் நான்கு எல்லைகளும் எழுதப்படும்: வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை என்று. அப்படியானால் அயலவருடைய உறுதியில் உங்கள் பாட்டனின் பெயர் எல்லையாக நிற்கக்கூடும். அந்த அயலவர் தமிழராக இருக்கலாம். போரில் அவரும் இடம்பெயர்ந்தவராகவே இருப்பார். சலாம் சொல்லும் உறவினரிடம் மட்டும் விசாரிப்பவர்கள் இந்தக் கதவைத் தட்டாமலே வந்துவிடுகிறார்கள்.

பெண்களின் பெயரிலும் தேடுங்கள். வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதும் வழக்கம் இருந்த குடும்பங்களில், வாப்பாவின் பெயரில் எத்தனை நாள் தேடினாலும் ஒன்றும் அகப்படாது. காணி உம்மம்மாவின் பெயரில் இருக்கும். அரச காணியாயின் வழி வேறு. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் பெற்றவர், தனக்குப் பின் உரித்தாளியாக யாரை நியமித்தார் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். அங்கே இருக்கும் பெயர் நீங்கள் எதிர்பார்த்ததாக இல்லாமலும் போகலாம். சகோதரர்களுக்குள் மனக்கசப்பு வருமென்று பயந்து அதை மறைக்காதீர்கள்.

இத்தனை பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திச் சொல்லக்கூடியவர்கள், 1990இல் வளர்ந்த ஆட்களாக இருந்தவர்கள். அவர்களில் பலர் மௌத்தாகிவிட்டார்கள். இருப்பவரிடம் இந்த வாரமே ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பள்ளிவாசலில் தொடங்கி வீடு வீடாகத் தெருவை வரையச் சொல்லுங்கள். வாடகைக்கு இருந்தவர், கடை வைத்திருந்தவர், கிணற்றில் தண்ணீர் அள்ள வந்தவர் என்று அவர் சொல்லும் எல்லாப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.