பல்கலைக்கழகத்தில் நிரல் எழுதுகிறவருக்கு என்ன பதவி?

2020 மார்ச்சில் பிரிட்டன் ஊரடங்குக்குப் போனதில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் நோய்ப்பரவல் கணிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நிரல் 13 வருஷத்துக்கு மேல் பழசு, ஆவணம் எதுவும் இல்லாத பல ஆயிரம் வரி 'சி' என்று குழுத் தலைவர் நீல் ஃபெர்குசனே ட்விட்டரில் எழுதினார். மென்பொருள்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான். பிறகு மைக்ரோசாஃப்ட், கிட்ஹப் ஆட்கள் உதவியோடு அதைச் சீராக்கி வெளியிட்டார்கள். ஜூனில் கேம்பிரிட்ஜின் ஸ்டீபன் எக்லென் ஓட்டிப் பார்த்தார். அறிக்கையில் இருந்த முடிவுகள்தான் திரும்ப வந்தன.

சிரிப்பு அடங்கினதும் ஒரு கேள்வி வந்தது. இதை ஒழுங்காக எழுத ஓர் ஆளை வைத்திருக்கக் கூடாதா?

வைக்கலாம், ஆனால் எந்தப் பதவியில்? பிரிட்டிஷ் பல்கலைக்கழக வேலைகள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஒன்று கல்வியும் ஆராய்ச்சியும். இன்னொன்று 'புரொஃபஷனல் சர்வீசஸ்', அதாவது நிதி, நூலகம், ஐடி, மானிய நிர்வாகம். ஊதிய ஏணி இரண்டுக்கும் பொதுதான், ஏறுகிற விதம்தான் வேறு. ஆராய்ச்சிப் பக்கம் கட்டுரை வெளியிட்டால்தான் மேலே போகலாம். மானியம் தீருகிற அன்று ஒப்பந்தமும் பெரும்பாலும் தீரும். மூன்று வருஷம் அருமையாக நிரல் எழுதினவர், கையில் கட்டுரை இல்லாமல் தெருவில் நிற்பார். சரி, ஐடி பக்கம் போடலாம் என்றால், வைஃபை பார்க்கச் சொல்லிடுவாங்க.

2012-ல் சாஃப்ட்வேர் சஸ்டெயினபிலிட்டி இன்ஸ்டிட்யூட் நடத்திய ஒரு பட்டறையில் இதைப் பேசிப் புலம்பினவர்கள்தான் 'ரிசர்ச் சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்ற பெயரை வைத்தார்கள். அதே வருஷம் லண்டன் யுசிஎல்லில் அப்படி ஒரு குழு தொடங்கியது. 2019-ல் தனிச் சங்கமே வந்துவிட்டது.

பெயரைவிட எனக்குப் பிடித்தது அந்தக் குழுக்கள் இயங்குகிற விதம். பேராசிரியர் மானியம் கேட்கும்போதே, 'குழுவில் ஒருவரின் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு' என்று பட்ஜெட்டில் எழுதிடுவார். ஒரு மானியம் முடிந்தால் அடுத்தது. வேலை குழுவோடு இருப்பதால் ஆள் வெளியே போக வேண்டியதில்லை. நம்ம ஐடி கம்பெனி 'பெஞ்ச்' மாதிரிதான், பயம் கொஞ்சம் கம்மி.

நானும் ஒரு தடவை விண்ணப்பித்தேன். வழக்கமான இரண்டு பக்க ரெஸ்யூமே அனுப்பினேன், நிராகரித்தார்கள். அப்புறம்தான் விளம்பரத்தை உட்கார்ந்து படித்தேன். அதில் 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்று இரண்டு பட்டியல் இருந்தது. தேர்வுக் குழு ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடி மதிப்பெண் போடும். நான் எழுதாததை அவர்கள் ஊகிக்க மாட்டார்கள்.

இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு, வரிக்கு வரி பதில் எழுதி அனுப்பினேன். வீடியோ நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். "டெஸ்ட் எழுத நேரமில்லை என்று ஆராய்ச்சியாளர் சொன்னால் என்ன செய்வீங்க?" என்று ஒரு கேள்வி. இருபது வருஷப் பழக்கம், "மேனேஜரிடம் எஸ்கலேட் பண்ணுவேன்" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். என் சம்பளத்தில் ஒரு பங்கு அந்த ஆராய்ச்சியாளரின் மானியத்திலிருந்துதான் வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. வேலை கிடைக்கவில்லை.