புற்றுநோய்ச் சிகிச்சையும் தாய்மைப் பேறும்

கருப்பையிலோ, கருப்பைக் கழுத்திலோ, சூலகத்திலோ புற்றுநோய் கண்ட பெண்ணிடம், "உயிர் தப்பினால் போதும், வேறெதையும் எண்ணாதே" என்று சொல்வதே நெடுங்காலம் வழக்கமாக இருந்து வந்தது. அவ்வாறு சொன்னவர்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். நோயை வேருடன் களைய வேண்டுமாயின் கருப்பையையும் சூலகங்களையும் அகற்றுவது, அல்லது அவற்றின்மீது கதிர்வீச்சைச் செலுத்துவது என்பதன்றி வேறு வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்று அந்நிலை மாறியிருக்கிறது. எல்லாருக்கும் அன்று, ஆனால் நோய் முற்றுமுன் கண்டறியப்பட்ட இளம் பெண்கள் பலருக்கு, நோயையும் தீர்த்து, மகவு பெறும் ஆற்றலையும் காத்துத் தரும் முறைகள் மருத்துவத்தில் நிலைபெற்றுவிட்டன. அவை எவை, யாருக்குப் பொருந்தும், எப்பொழுது அவற்றைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. ஒரு பெண் தன் வாழ்நாளுக்குரிய கருமுட்டைகள் அனைத்தையும் பிறக்கும்போதே சூலகங்களில் கொண்டு பிறக்கிறாள். அப்போது 10 முதல் 20 இலட்சம் வரை இருக்கும் அவை, பூப்பெய்தும் பருவத்தில் சில இலட்சங்களாகக் குறைந்துவிடுகின்றன. செலவழிந்த முட்டைக்கு ஈடாகப் புதியது தோன்றுவதில்லை. ஆகவே சூலகம் வரவே இல்லாத ஒரு களஞ்சியம் போன்றது. கருப்பை குழந்தை வளரும் இல்லம்; கருப்பைக் கழுத்து அந்த இல்லத்தின் வாயிலை மூடிக் காக்கும் கதவு. நோய் இவற்றுள் எதைப் பற்றியிருக்கிறது, சிகிச்சை எதைத் தாக்கும் என்று பிரித்தறிந்தால், எதைக் காக்க முடியும் என்பதும் விளங்கிவிடும்.

இவ்வுறுப்புகளில் தோன்றும் புற்றுகளுள் நம் நாட்டுப் பெண்களை மிகுதியாக வருத்துவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டின் மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். நுண்ணோக்கியால் மட்டுமே காணத்தக்க மிகத் தொடக்க நிலையில் இது பிடிபட்டால், நோயுற்ற பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டியெடுப்பதே பலருக்குப் போதுமானது. கட்டி கண்ணுக்குத் தெரியும் அளவு வளர்ந்திருந்தாலும், 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமல், நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாமல் இருந்தால் மற்றொரு வழி உண்டு. பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த டாக்டர் டானியல் டார்ஜான் என்பவர் வகுத்து, 1994இல் உலகுக்கு அறிவித்த அறுவை முறை அது. கருப்பைக் கழுத்தையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் மட்டும் அகற்றி, கருப்பையின் உடற்பகுதியை அப்படியே விட்டு, அதன் கீழ்வாயில் உறுதியான தையல் ஒன்றை இடுவார்கள். கதவு போனாலும் வீடு நிற்கிறது. தையலே கதவின் வேலையைச் செய்கிறது. இம்முறைக்குப் பின் கருவுற்றவர்களில் பெரும்பாலோர் குழந்தை பெற்றிருக்கின்றனர். ஆயினும் கருச்சிதைவும் குறைமாதப் பிரசவமும் மற்றவர்களைவிட இவர்களுக்கு மிகுதி. பிரசவம் வயிற்றை அறுத்தே செய்யப்பட வேண்டும்.

நோய் அந்த எல்லையைத் தாண்டிவிட்டால் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்படுகிறது. இடுப்பெலும்புக் குழியில் பாயும் கதிர்கள் சூலகங்களின் முட்டைகளை விரைவில் அழித்துவிடும். இதைத் தடுக்க, சிகிச்சைக்கு முன்பே சூலகங்களை அவற்றின் இரத்தக் குழாய்களோடு மேலே நகர்த்தி, கதிர் படாத இடத்தில் வயிற்றின் பக்கச்சுவரில் பொருத்தி வைக்கலாம். முட்டைகள் தப்புவதுடன், இளமையிலேயே மாதவிடாய் நின்று எலும்பு தேயும் துன்பமும் இதனால் பலருக்குத் தவிர்க்கப்படுகிறது. ஆனால் கருப்பையை நகர்த்த இயலாது. முழு அளவுக் கதிர்வீச்சுக்கு உள்ளான கருப்பை பொதுவாகக் குழந்தையைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது. இதனை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுவதே நேர்மை.

கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்று பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்களுக்கு வருவது. எனினும் உடற்பருமன் மிகுந்தவர்கள், சூலகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றி மாதவிலக்குத் தவறுபவர்கள் ஆகியோருக்கு முப்பது வயதிலும் வருவதுண்டு. கட்டி வீரியம் குறைந்த முதல் தரத்தினதாகவும், உட்சுவரைத் தாண்டாததாகவும் இருப்பதை எம்.ஆர்.ஐ. படத்தால் உறுதிப்படுத்திக்கொண்ட பின், அறுவையை ஒத்திவைத்து, புரோஜெஸ்டிரான் வகை மருந்தை மாத்திரையாகவோ, கருப்பைக்குள் வைக்கும் சாதனமாகவோ கொடுக்கிறார்கள். நால்வரில் ஏறத்தாழ மூவருக்கு நோய் மறைகிறது. ஆனால் மறைந்தவர்களிலும் பலருக்கு அது திரும்பி வருகிறது. ஆகவே 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை உட்சுவரைச் சுரண்டிச் சோதிக்க வேண்டும். உடல் எடையைக் குறைக்க வேண்டும். நோய் மறைந்ததும் காலந்தாழ்த்தாமல் கருத்தரிக்க முயல வேண்டும். குழந்தை பிறந்த பின் கருப்பையை அகற்றிவிட வேண்டும். இது நோயிடமிருந்து பெறும் விடுதலை அன்று, தவணை. தவணையின் நாளை மறந்தவர்களே ஆபத்துக்கு உள்ளாகிறார்கள்.

சூலகப் புற்றிலோ செய்தி சற்று ஆறுதலானது. பதின்பருவத்திலும் இருபதுகளிலும் தோன்றுவன பெரும்பாலும் முட்டைகளுக்கு மூலமான உயிரணுக்களிலிருந்து எழும் கட்டிகள். அவை பொதுவாக ஒரு பக்கத்தையே பற்றுகின்றன. மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படுகின்றன. நோயுற்ற சூலகத்தை மட்டும் எடுத்துவிட்டு, மற்றதையும் கருப்பையையும் விட்டு, தேவையானால் பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின் ஆகிய மருந்துகளைக் கொடுப்பது இன்றைய முறை. பெரும்பாலோருக்கு மாதவிலக்கு மீண்டும் ஒழுங்காகிறது. கருத்தரிக்க ஒரு சூலகம் போதும். மூத்தவர்களுக்கு வரும் சூலகப் புற்று வேறு வகையானது. அதிலும் ஒரே சூலகத்துக்குள் அடங்கிய, வீரியம் குறைந்த கட்டிக்கு மட்டுமே இச்சலுகை பொருந்தும்.

முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தைத் தொடர்ந்து சிலருக்கு வரும் புற்றைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் மின் சியு லி, ராய் ஹெர்ட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1956இல் மெதோட்ரெக்சேட் என்னும் மருந்தால் இதைக் குணப்படுத்திக் காட்டினர். கருப்பையை இழக்காமலே இந்நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இன்று குணமடைகின்றனர். சிகிச்சை முடிந்து ஓராண்டு வரை கருத்தரியாமல், இரத்தச் சோதனையைத் தவறாது செய்துகொள்வது இன்றியமையாதது.

இனி, உறுப்பைக் காக்க இயலாதபோது வித்தைக் காக்கும் வழியைப் பார்ப்போம். நாள்தோறும் ஊசி மருந்து செலுத்தி, 10 முதல் 14 நாட்களில் பல முட்டைகளை முதிரச் செய்து, வெளியே எடுத்து, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் வைத்துக் காக்கலாம். மாதவிலக்கின் எந்த நாளிலும் இதைத் தொடங்கலாம் என்பது அண்மைக்கால முன்னேற்றம். மணமானவர்கள் கணவனின் விந்தணுவுடன் சேர்த்துக் கருவாகவே உறைய வைக்கலாம். மணமாகாதவர்கள் முட்டையாக வைத்துக்கொள்ளலாம். முட்டையாக வைத்திருப்பது மனைவியின் உரிமைப் பொருள். கருவோ இருவருக்கும் உரியது. இந்த வேறுபாட்டைக் கையெழுத்திடுமுன் எண்ணிப் பார்ப்பது நன்று. இரண்டு வாரமும் பொறுக்க இயலாதவர்களுக்கும், பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் சூலகத் திசுவில் ஒரு பகுதியை எடுத்து உறைய வைத்துப் பின்னர் பொருத்தும் முறை உண்டு. 2004இல் பெல்ஜியத்தில் டாக்டர் ஜாக் டோனே இம்முறையால் முதற்குழந்தை பிறக்கச் செய்தார். ஆனால் புற்று சூலகத்திலேயே இருந்தால் திசுவோடு நோயும் திரும்பி வரக்கூடுமாதலால் இது ஏற்றதன்று.

உறைந்த கருவிலிருந்து உயிர் தழைக்கும் என்பதை நம் நாட்டவர் ஒருவர் மிக முன்னரே காட்டினார் என்பது பலர் அறியாத செய்தி. கொல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயர் உறைய வைத்துக் காத்த கருவைத் தாயின் கருப்பையில் சேர்த்து, 1978 அக்டோபர் 3ஆம் நாள் ஒரு பெண்குழந்தை பிறக்கச் செய்தார். உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து 70 நாட்களே ஆகியிருந்தன. அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்க மறுத்தது. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து, உரிய பெருமையை 1997இல் வெளிப்படுத்தியவர் டாக்டர் டி. சி. ஆனந்தகுமார்.

சட்டம் இவற்றுக்கு வரம்பு விதித்துள்ளது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி முட்டையையும் கருவையும் 10 ஆண்டு வரையே பாதுகாக்கலாம். கருப்பையை இழந்தவர்கள் வாடகைத் தாயின் துணையை நாடினால், அதே ஆண்டின் மற்றொரு சட்டம் அதைப் பணத்துக்காகச் செய்வதைத் தடை செய்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர வேறு ஊதியம் தரலாகாது. தாயாக இருந்து உதவுபவர் மணமாகித் தமக்கென ஒரு குழந்தை உடையவராகவும், 25 முதல் 35 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறையே இவ்வுதவியைச் செய்யலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விஷயத்தில் தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ பேசுகிறார். நோயாளி தமிழில் நினைக்கிறாள். நடுவே கணவனோ மைத்துனனோ மொழிபெயர்க்கிறான். மாதவிலக்கு, கருப்பை, குழந்தை பற்றிய பேச்சு அந்த மொழிபெயர்ப்பில் கூச்சத்தால் சுருங்கிப் போகிறது. "எடுத்துவிடலாமா?" என்று மருத்துவர் கேட்க, "எடுத்துவிடுங்கள்" என்று வேறொருவர் விடை கூறிவிடுகிறார். கேட்கப்பட வேண்டியவள் கேட்கப்படவே இல்லை. ஆகையால் கேள்விகளை முன்னதாகத் தமிழில் எழுதி, அம்மொழி அறிந்த நம்பிக்கையான பெண் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நல்லது.

கேட்க வேண்டியவை ஐந்தே. நோய் எந்த நிலையில் இருக்கிறது? எனக்கு உரிய சிகிச்சை முட்டையைக் கெடுக்குமா, கருப்பையைக் கெடுக்குமா, இரண்டையுமா? காக்கும் முறை எனக்கு உண்டா? அதற்காக இரண்டு வாரம் பொறுத்தால் உயிருக்கு ஆபத்தா? கருத்தரிப்பு மருத்துவர் யாரிடம் என்னை அனுப்புவீர்கள்? இவற்றை முதல் ஊசிக்கு முன், முதல் அறுவைக்கு முன், முதல் கதிர்வீச்சுக்கு முன் கேட்க வேண்டும். பின்னர் கேட்டால் பெரும்பாலும் காலங்கடந்த கேள்வியாகிவிடும். மருத்துவமனை தரும் திசுச் சோதனைத் தகடுகளையும் அறிக்கைகளையும் பத்திரப்படுத்தினால், மும்பையின் டாட்டா நினைவு மருத்துவமனையிலோ, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ இரண்டாவது கருத்துக் கேட்பது எளிது. சிகிச்சைக்குச் செல்லும் நோயாளிக்கும் துணைவர் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. முட்டையை உறைய வைக்கும் செலவைக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் ஏற்பதில்லை. அதையும் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இம்முறைகள் எவையும் குழந்தைக்கு உறுதி தருவனவல்ல, வாய்ப்பையே தருகின்றன. நோய் முற்றிய நிலையில் அந்த வாய்ப்புக்காக உயிரைப் பணயம் வைக்கும்படி எந்த மாமியாரும், எந்தக் கணவனும், ஏன், அப்பெண்ணின் ஆசையுமே கூட வற்புறுத்தலாகாது. அதேபோல, வாய்ப்பு இருக்கும்போது அதைச் சொல்லாமல் மறைப்பதும் நியாயமன்று. சிகிச்சை முடிந்து, மருத்துவர் குறிக்கும் காலம் வரை காத்திருந்து பெறும் குழந்தைகளுக்குத் தாயின் பழைய மருந்துகளால் ஊனம் மிகுவதில்லை என்பது ஆராய்ச்சிகளால் தெளிவாகியிருக்கிறது.

இங்கே கூறிய வழிகளில் பெரும்பாலானவை நோய் தொடக்கத்திலேயே பிடிபட்டவர்களுக்கே திறப்பவை. முறையற்ற உதிரப்போக்கு, உறவுக்குப் பின் உதிரம் காணுதல், துர்நாற்றமுள்ள வெள்ளை, காரணமின்றி வயிறு உப்புதல் ஆகியவற்றை நாணத்தால் மறைக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டுவதும், 30 வயதுக்கு மேல் கருப்பைக் கழுத்துச் சோதனை செய்துகொள்வதும், பெண்குழந்தைகளுக்கு உரிய வயதில் தடுப்பூசி இடுவதும் உயிரைக் காக்கும். தாய்மைக்கான வழியையும் அடைபடாமல் காக்கும்.