கடைமடை லஸ்கரும் ஒரு குளோரைடும்

"உப்பைக் குறைத்தால் பிரஷர் இறங்கும், சரி. உப்போடு பொட்டாசியத்தைக் கலந்தால் ஏன் இறங்க வேண்டும்?" கும்பகோணத்து வாசகர் ஒருவரின் கேள்வி. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம், சாதா உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று பல நிபந்தனைகளோடு பரிந்துரைத்தது. நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு அமிர்தம் கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களை விட்டுவிடுவோம். கேள்வி நல்ல கேள்வி. பதில் சிறுநீரகத்தின் கடைமடையில் இருக்கிறது.

ஒரு நாளில் நம் சிறுநீரகங்கள் சுமார் 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் கரைந்திருக்கும் உப்பு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. பெரும்பகுதி தலைமடையிலேயே ரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைமடைக்கு வந்து சேர்வது பத்தில் ஒரு பங்குதான். கல்லணைக்குக் கீழே கடைமடைக்காரர் பேச்சு எந்தக் காலத்தில் எடுபட்டது? சிறுநீரகத்தில் எடுபடும். அங்கே சோடியத்தையும் குளோரைடையும் சேர்த்து உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று மதகாக நிற்கிறது. அது கூடுதலாக இழுத்தால் ரத்த அழுத்தம் ஏறும். பிரஷருக்குத் தரும் தயாசைடு மாத்திரை அடைப்பது இந்த மதகைத்தான்.

மதகென்றால் அதைத் திறந்து மூட லஸ்கர் வேண்டுமே. அவர் பெயர் டபிள்யூஎன்கே. ஆய்வகத்தார் செல்லமாக 'விங்க்' என்பார்கள். இவர் ஒரு கைனேஸ், அதாவது பிற புரதங்கள்மேல் பாஸ்பேட் முத்திரை குத்தும் நொதி. முத்திரை குத்த, பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறைப் பிடிக்க வேண்டும். அதற்கான லைசின் என்னும் அமினோ அமிலம் கைனேஸ்களில் வழக்கமாக ஒரே இடத்தில்தான் இருக்கும். இவரிடம் அது அங்கே இல்லை, பக்கத்து இழைக்கு இடம் மாறியிருக்கிறது. 'லைசின் இல்லாதவர்' என்பதுதான் பெயரின் பொருளே. அந்த வினைமையத்தை ஒட்டி ஒரு சிறு குழிவு. ஒற்றைக் குளோரைடு அயனி அதில் வந்து அமரும். அது மடியில் உட்கார்ந்திருக்கும்வரை லஸ்கர் எழுந்திருக்க முடியாது. அது இறங்கிப் போனதும் தனக்குத் தானே முத்திரை குத்திக்கொண்டு எழுவார், உதவியாளரான இன்னொரு கைனேஸை எழுப்புவார், அவர் போய் மதகில் முத்திரை வைப்பார், மதகு திறக்கும். ஏடிபியில் கூலி வாங்கும் இந்த லஸ்கர் மேலதிகாரியின் தந்திக்குக் காத்திருப்பதில்லை. உப்பைத் தானே ருசி பார்க்கிறார்!

எப்படித் தெரியும்? எலியின் மரபணுத் துண்டைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி இந்த நொதியை வளர்த்தெடுத்தார்கள். குழாயில் நொதி, உப்புக்கரைசல், ஏடிபி. சிறுநீரகம் இல்லை, செல்கூட இல்லை. அப்போதும் குளோரைடு ஏற ஏற நொதி மந்தமானது. 2014இல் வெளியான இந்தச் சோதனையை நான் அலுக்காமல் படிப்பேன்.

இப்போது பொட்டாசியம். ரத்தத்தில் அது குறைந்தால் கடைமடைச் செல்களின் மின்னழுத்தம் மாறி, உள்ளிருக்கும் குளோரைடு வெளியேறும். மடி காலி, லஸ்கர் எழுந்துவிடுவார். மதகு சோடியத்தை அள்ளிவிடும், அதற்கும் கீழே உள்ள வடிகாலுக்குச் சோடியம் போய்ச் சேராது. அந்த வடிகாலில் சோடியம் உள்ளே வந்தால்தான் பொட்டாசியம் வெளியே போகும். உடம்பு பொட்டாசியத்தை மிச்சம் பிடிக்கிறது, விலை ரத்த அழுத்தம். தட்டில் ஊறுகாயும் அப்பளமும் இருந்து கீரையும் வாழைத்தண்டும் இல்லாதவர் தினமும் கொடுப்பது இந்த விலைதான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: நொதியைக் கண்டது 2000இல், டல்லஸில், மெலனி காப் குழு. அடுத்த ஆண்டே ரிச்சர்ட் லிஃப்டன் குழு, கார்டன் நோய்க்குறி என்னும் அரிய பரம்பரை நோயில் இந்த நொதிக் குடும்பத்தின் மரபணுக்கள் பழுதாகியிருப்பதைக் காட்டியது. அந்த நோயாளிகளிடம் லஸ்கர் ஓய்வதே இல்லை. அழுத்தமும் ஏறும், பொட்டாசியமும் தேங்கும். மதகுப் புரதத்தின் மரபணு 1993இல் முதலில் கிடைத்தது ஒரு தட்டை மீனின் சிறுநீர்ப்பையில்.

லஸ்கரையே மயக்கிப்போட ஒரு மருந்து நிறுவனம் முயன்றது. எலிகளில் அழுத்தம் இறங்கியது. ஆனால் இவர் நரம்பு உட்படப் பல இடங்களில் வேலை பார்ப்பவர். பாதுகாப்புச் சிக்கலால் அந்த மூலக்கூறு மருந்துக்கடைவரை வரவில்லை. 'ஒரே நொதி, பிரஷருக்கு முற்றுப்புள்ளி' என்று தலைப்பு பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

பொட்டாசிய உப்புக்கு இந்த நொதிக் கதையைவிட நல்ல சாட்சி இருக்கிறது. சீனக் கிராமங்கள் 600, மக்கள் 20,995 பேர், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. 2021இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. அற்புதமில்லை, ஆனால் உண்மை.

வாசகரே, வாங்கலாமா என்பதற்கு வருகிறேன். சிறுநீரகம் பழுதானவருக்கு அந்தக் கடைசி வடிகால் தூர்ந்திருக்கும். பொட்டாசியம் தேங்கினால் இதயத்துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். சில பிரஷர் மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்குபவை. உங்கள் கிரியாட்டினின் அளவையும் மாத்திரைச் சீட்டையும் மருத்துவரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போங்கள்.