ஜன்னல் கம்பியும் வெளியேறும் வழியும்



வீடு கட்டும்போது திருடன் உள்ளே வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று நாம் பலமுறை யோசிக்கிறோம். தீயோ புகையோ வாசலை மறித்துக்கொண்டால் உள்ளே இருப்பவர் எந்த வழியாக வெளியே வருவார் என்று யோசிப்பது குறைவு. இந்த இதழில் அதைப் பற்றிச் சில விவரங்களைத் தருகிறோம்.

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து, ஒரு குழந்தை உட்பட 6 பேர் இறந்தனர். லிப்டுக்குள் சிக்கி மயங்கிக் கிடந்தவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜூலை 27 அன்று டெல்லி பழைய ராஜிந்தர் நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறை நூலகத்துக்குள் மழைவெள்ளம் புகுந்து 3 மாணவர்கள் உயிரிழந்தனர். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 பிள்ளைகளை இழந்தோம். அங்கே மாடியிலிருந்து இறங்க இருந்தது ஒரு குறுகலான படிக்கட்டு. காரணங்கள் வெவ்வேறாக இருந்தாலும், ஒரு வழி அடைபட்டால் மறு வழி கைக்கு எட்டவில்லை என்பது மூன்றிலும் பொதுவானது.

நமது ஊரில் பல வீடுகளில் வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. சேலைக் கட்டுகள், நூல், சாயப் பொருள்கள் என்று எளிதில் தீப்பற்றும் சரக்கு கீழே இருக்கும். குடும்பம் மேலேயோ பக்கத்து அறையிலோ தூங்கும். ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இரவில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும் மட்டுமே இருப்பார்கள். அந்த வீடுகளில்தான் ஜன்னல் கம்பியும் மிக உறுதியாக இருக்கும்.

ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அமெரிக்க வீட்டுக் கட்டட விதிகள் படுக்கையறைக்கும் நிலவறைக்கும் ஆபத்துக்கால ஜன்னலைக் கட்டாயமாக்கியுள்ளன. அந்த அளவுகள் நமக்கும் பயன்படும். முழுதாகத் திறந்த பிறகு கிடைக்கும் இடைவெளி 5.7 சதுர அடிக்குக் குறையக்கூடாது. அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் குறைந்தது 24 அங்குலம் வேண்டும். அறைத் தரையிலிருந்து ஜன்னலின் அடி விளிம்பு 44 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. சாவியோ கருவியோ இல்லாமல் உள்ளிருந்து திறக்க வர வேண்டும்.

20க்கு 24 அங்குலம் என்று வைத்தால் 3.3 சதுர அடிதான் வரும், அது போதாது. 2 அடி அகலம், 3 அடி உயரம் கிடைத்தால் 6 சதுர அடி, அது போதும். தள்ளு ஜன்னல் வைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். அதில் பாதிதான் திறக்கும். 3க்கு 3 அடி தள்ளு ஜன்னலில் கிடைப்பது ஒன்றரை அடி அகலம்தான். வெளியேற அது உதவாது. அதே அளவில் கீல் வைத்த இரட்டைக் கதவு என்றால் ஏறக்குறைய முழு இடைவெளியும் கிடைக்கும்.

கம்பியை எடுத்துவிட வேண்டுமா?

வேண்டாம். எல்லா ஜன்னல்களையும் மாற்றவும் தேவையில்லை. தூங்கும் அறை ஒவ்வொன்றிலும் ஒரு ஜன்னலின் கிரில்லைக் கீல் வைத்துக் கதவு போலத் திறக்கச் செய்தால் போதும். வெல்டிங் பட்டறைக்காரரிடம் சொன்னால் செய்து தருவார். கொண்டி உள்பக்கம் இருக்கட்டும். வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாதபடி அதன்மேல் ஒரு தகடு மூடி வைக்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் திறந்துவிடாத உயரத்தில், பெரியவர்கள் இருட்டில் தடவித் திறக்கும்படி இருக்க வேண்டும். பூட்டு போட்டுச் சாவியை பீரோவில் வைத்தால் இந்த வேலை அத்தனையும் வீண்.

தெருவையோ திறந்த இடத்தையோ பார்த்த ஜன்னலைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நமக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில் இறங்கினால் அங்கேயும் புகை சூழும். ஏசி பெட்டி வழியை மறிக்கக்கூடாது. கட்டிலும் அலமாரியும் ஜன்னலை அடைக்கக்கூடாது. பர்தாவுக்காக ஜன்னலை நிரந்தரமாக அடைப்பவர்கள், அதற்குப் பதில் உள்ளே தெரியாத கண்ணாடியும் திரையும் போட்டுக்கொள்ளலாம்.

மாடி என்றால் அவசரப்பட்டுக் குதிக்க வேண்டாம். அறைக்கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி வைத்து, திறந்த ஜன்னலில் நின்று குரல் கொடுங்கள். ஏணி வந்ததும் திறக்கும் கிரில்தான் உயிரைக் காக்கும். தீயணைப்புக்கு 101, எல்லா அவசரத்துக்கும் 112.

நிலவறை இருந்தால்

நமது கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்று சொல்வது தரைக்கு மேல் எழும் அடித்தளத்தை. நாம் இங்கே சொல்வது மண்ணுக்குக் கீழே சரக்கு வைக்கத் தோண்டும் அறையை. அங்கே யாரையும் தூங்க வைக்க வேண்டாம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் பள்ளத்தில் தேங்கும் என்பதால் சிலிண்டரை அங்கே வைக்கவே கூடாது. ஆட்கள் வேலை செய்யும் நிலவறை என்றால் படிக்கட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும். ஜன்னல் தரைமட்டத்துக்குக் கீழே வந்தால், அதன் வெளியே குறைந்தது 3க்கு 3 அடி குழி விட வேண்டும். குழி 44 அங்குலத்துக்கு மேல் ஆழமானால் சுவரில் இரும்புப் படி பதிக்க வேண்டும். குழியின் விளிம்பைத் தெருவைவிட உயர்த்திக் கட்டி, அடியில் தண்ணீர் வடிய வழி செய்யாவிட்டால், மழைக்காலத்தில் அந்த ஜன்னலே வெள்ளத்துக்கு வாசலாகிவிடும். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கினால் சரக்கை எடுக்கப் போகாமல் உடனே மேலே ஏறிவிட வேண்டும்.

வெளியே பூட்டப்படும் அறை

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. மறதி நோயுள்ள பெரியவரையும் மனநலம் குன்றியவரையும் அறைக்குள் வைத்து வெளியே பூட்டும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. பாசத்தாலும் பயத்தாலும் செய்வதுதான். ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகம் எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்ததை நமது சமுதாயம் மறக்கக்கூடாது. பூட்ட வேண்டிய நிலை என்றால் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். யாரும் இல்லாமல் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். சிரமத்திலிருக்கும் குடும்பங்கள் தயங்காமல் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சிகிச்சைக்கும் ஆள்துணைக்கும் சேர்ந்து வழி பார்ப்போம்.

தூங்கும் முன் விளக்கையும் நெருப்பையும் அணைக்கச் சொன்ன நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். அதோடு இந்த வாரம் ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் அறையிலிருந்து இரண்டு வழிகளைச் சொல்ல முடிகிறதா, ஜன்னலை அவர்களே திறக்க முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடியாத அறையில்தான் முதல் வேலை தொடங்க வேண்டும்.

அல்லாஹ் நமது வீடுகளையும் பிள்ளைகளையும் எல்லா ஆபத்திலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.

செயலாளர்