சதுரங்கப்பட்டினம்: கோட்டையும் தறியும்

மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் செல்வோர் எண்ணற்றோர். அங்கிருந்து தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினக் கோட்டையைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. ஐரோப்பியர் நாவில் 'சட்ராஸ்' எனத் திரிந்த இவ்வூர், சம்புவராய மன்னன் இராசநாராயணன் பெயரால் முன்னர் 'இராசநாராயணன் பட்டினம்' என வழங்கப்பெற்றது.

இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகையைச் சார்ந்து அமைந்த சிற்றூர்கள் பல உள. டார்செட் பகுதியில் ஜோசப் டேமர் என்னும் பிரபு, தம் மாளிகையருகே இருந்த மிடில்டன் என்னும் ஊரை இடித்துவிட்டு, 1780 ஆம் ஆண்டையொட்டி மில்டன் ஆப்பஸ் என்னும் புதிய சிற்றூரைச் சற்றுத் தள்ளி அமைத்தார். அங்கே மாளிகை ஊரை ஆக்கியது. சதுரங்கப்பட்டினத்திலோ, ஊரின் தறியோசையே மாளிகையை வரவழைத்தது எனலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்த டச்சுக்காரர் தேடியது மஸ்லின் துணியை. கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கச் சோழமண்டலக் கரையின் துணியே பணம்போல் பயன்பட்டது. ஆகவே கடலை நோக்கிப் பண்டகசாலை எழுந்தது. அதனைச் சூழச் செங்கல் மதில் எழுந்தது. நூற்போர், நெய்வோர், சலவை செய்வோர், பொதி கட்டுவோர் என எத்துணையோ குடும்பங்களின் பிழைப்பு அம்மதிலைச் சார்ந்து நின்றது. துறைமுகம் இல்லாக் கரையாதலின், கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து துணிப்பொதிகளைக் கப்பலில் சேர்த்தன. படகோட்டியின் திறமின்றிக் கம்பெனியின் வாணிகம் ஒருநாளும் நடந்திராது!

கம்பெனியார் நெசவாளரிடம் நேரே பேரம் பேசவில்லை. உள்ளூர் வணிகர்வழி முன்பணம் தந்தனர். அரிசி விலை ஏறிய ஆண்டில் அம்முன்பணம் அடுப்பிலேயே கரைந்துபோகும். துணியோ கடனுக்கு ஈடாகும். எனினும் நெசவாளர் கையற்றவராய் இருந்தார் எனக் கருதுதல் வேண்டா. கொடுமை மிக்கவிடத்துத் தறியைத் தோளிற் சுமந்து ஊரைவிட்டே பெயர்ந்துவிடுதல் இக்கரையின் நெசவாளர் அறிந்த வழியாகும். தறி நின்றால் பண்டகசாலை வெற்றுச் சுவரே.

போர்கள் இம்மாளிகையைக் கைமாற்றின. 1781 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஆங்கிலக் கப்பற்படையும் இவ்வூர்க் கடலில் மோதின. பின்னர் மீண்டதும் இழந்ததுமாகி, 1824 ஆம் ஆண்டின் இலண்டன் உடன்படிக்கையால் டச்சுக்காரர் நிலையாக விலகினர்.

இன்று தொல்லியல் துறையின் காப்பிலுள்ள அக்கோட்டையுள் சிதைந்த கிடங்குகளையும் டச்சுக் கல்லறைகளையும் காணலாம். கல்லறைகளின்மீது பெயரும் ஆண்டும் பூவேலையும் அழியாது நிற்கின்றன. அக்கல்லறைகளுக்கு உரியோரைச் செல்வராக்கிய துணியை நெய்தவர் பெயர் ஒன்றேனும் அங்கில்லை. நாம் தேடியும் பயனில்லை.

அருகே 1983 இல் இயங்கத் தொடங்கிய அணுமின் நிலையத்தின் உயர்ந்த கட்டடங்கள் தெரிகின்றன. மதிலுக்கு வெளியே கரையில் மீனவர் வலை உலர்த்துகின்றனர்.