மழைக்காலத்தில் வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி: 20 நிமிடத்தில் இறங்கிவிடத் தோன்றுவது ஏன்?

காலை 5.45. அலாரம் அடிக்கிறது. சன்னலுக்கு வெளியே மழை.

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் யாரும் உங்களுக்காகக் காத்திருக்கப்போவதில்லை. "இன்னிக்கு வேணாம்பா" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஏற்கெனவே போட்டுவிட்டார்.

ஹாலின் மூலையில், டிரெய்னரில் மாட்டிய சைக்கிள் நிற்கிறது. ஏறுகிறீர்கள். 12ஆவது நிமிடத்தில் வியர்வை கொட்டுகிறது. 18ஆவது நிமிடத்தில் கைபேசியில் மணி பார்க்கிறீர்கள். 22ஆவது நிமிடத்தில் இறங்கிவிடுகிறீர்கள்.

"எனக்கு மனஉறுதி போதலை" என்று நினைக்கிறீர்களா?

அவசரப்பட்டு உங்களைத் திட்டிக்கொள்ளவேண்டாம். பெரும்பாலும் குறை உங்கள் மனத்தில் இல்லை. அறையிலும் பயிற்சியை அமைத்துக்கொண்ட விதத்திலும்தான் இருக்கிறது. இரண்டையும் மாற்றலாம்.

சிங்கப்பூரின் 'குளிர்காலம்'

வீட்டுக்குள் சைக்கிள் ஓட்டும் பழக்கம் ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் வேரூன்றியது. அங்கே சாலையில் பனி உறைந்துவிடும், மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். வேறு வழி இல்லை.

நமக்குப் பனி இல்லை. ஆனால் வடகிழக்குப் பருவமழை இருக்கிறது.

டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதிவரை நீடிக்கும் அந்தப் பருவத்தில் டிசம்பரும் ஜனவரியும்தான் ஈரமான மாதங்கள். சில சமயம் நாள்கணக்கில் மழை விடாது. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 250 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. ஜனவரி மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையைவிட அது அதிகம்!

இரண்டு வாரம் ஓட்டாமல் இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்?

போட்டிக்குப் போகாதவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் உடலின் தாங்குதிறன் ஏறக்குறைய அந்த 2 வாரத்திலேயே குறையத் தொடங்கிவிடும். அதைவிட முக்கியம், பழக்கம் அறுந்துபோவது. சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்கச் சைக்கிளைத் தொட்டவர்கள் நம்மில் பலர். சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகம் என்பது சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான். அவர்களுக்கு 2 வாரம் 2 மாதமாக நீள்வது சின்ன விஷயமில்லை.

முதல் எதிரி அறைதான்

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

மிதிக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் 20 முதல் 25 விழுக்காடுதான் சக்கரத்துக்குப் போகிறது. மீதி வெப்பமாக வெளியேறுகிறது. 150 வாட் அளவில் மிதித்தால் உங்கள் உடலிலிருந்து 450 முதல் 600 வாட் வெப்பம் வரும். ஒரு சிறிய ரைஸ் குக்கரை ஹாலில் வைத்து, நிறுத்தாமல் ஓடவிட்டதற்குச் சமம். அந்தக் குக்கர் நீங்கள்தான்!

வெளியே ஓட்டும்போது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகக் காற்று அந்த வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டில் அந்தக் காற்று இல்லை.

வியர்வை வந்தால் மட்டும் போதாது, அது ஆவியாகவும் வேண்டும். அப்போதுதான் உடல் குளிரும். மழை நீண்டநேரம் பெய்யும்போது சிங்கப்பூரில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தொடுவதுண்டு. சாரல் அடிக்கிறது என்று சன்னலையும் சாத்திவிடுகிறோம். போதாக்குறைக்கு, வெளியே காயப்போட முடியாத துணிகளும் அதே ஹாலில் தொங்குகின்றன.

அப்புறம் வியர்வை எங்கே காயும்? தரையில்தான் சொட்டும்.

உடல் சூடாகச் சூடாக, ரத்தத்தில் ஒரு பகுதி தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதே வேகத்தில் மிதித்தாலும் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். 'போதும், இறங்கு' என்று உடல் சொல்கிறது. நாம் அதைச் சோம்பல் என்று தவறாகப் புரிந்துகொள்கிறோம்.

ஆகவே பணம் செலவழிக்க நினைத்தால், விலையுயர்ந்த டிரெய்னருக்கு முன்னால் ஒரு நல்ல மின்விசிறி வாங்குங்கள். கூரை விசிறி போதாது. நேருக்கு நேராக, மார்பு உயரத்தில், ஒரு மீட்டர் தூரத்தில் வீசவேண்டும். மிதிக்கத் தொடங்குமுன்பே அதைப் போட்டுவிடுங்கள். வியர்த்தபிறகு போடலாம் என்று காத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு.

ஏர்கான் போடலாமா? தாராளமாக. அது அறையைக் குளிர்விப்பதுடன் ஈரப்பதத்தையும் குறைக்கும். 25 டிகிரியில் வைத்து, விசிறியையும் சேர்த்துப் போட்டால் 40 நிமிடம் போவதே தெரியாது. மின்கட்டணம் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால், துணி காயும் அறையை விட்டு வேறு அறைக்கு மாறிப் பாருங்கள். அதுவே ஓரளவு உதவும்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று தெரியாவிட்டால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு மணி நேரம் வேண்டவே வேண்டாம்

வெளியே ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன், வீட்டிலும் அதே ஒரு மணி நேரம் என்று கணக்குப் போடுகிறீர்களா? அது சரியான கணக்கில்லை.

வெளியே சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள். இறக்கத்தில் மிதிக்காமலேயே போகிறீர்கள். பிள்ளைகள் குறுக்கே வந்தால் வேகத்தைக் குறைக்கிறீர்கள். டிரெய்னரில் அந்த ஓய்வெல்லாம் கிடையாது. விடாமல் மிதிக்கவேண்டும். 40 நிமிடம் என்றாலும் அது முழுசாக 40 நிமிடம்.

ஒரே வேகத்தில், சுவரைப் பார்த்தபடி, ஒரு மணி நேரம் மிதிப்பதைப்போல அலுப்பு வேறில்லை. அதைத் துண்டுகளாக உடைத்துவிடுங்கள்.

இப்படிச் செய்து பார்க்கலாம்: முதல் 8 நிமிடம் மெதுவாக. பிறகு 3 நிமிடம் வேகமாக, 2 நிமிடம் மெதுவாக. அதை 5 முறை செய்யுங்கள். கடைசி 7 நிமிடம் மறுபடியும் மெதுவாக. மொத்தம் 40 நிமிடம்.

'வேகமாக' என்றால் எவ்வளவு? இரண்டு மூன்று சொல்லுக்குமேல் தொடர்ந்து பேச முடியக்கூடாது. ஆனால் மூச்சு முட்டவும் கூடாது. அவ்வளவுதான். கருவி எதுவும் தேவையில்லை.

அதில் நன்மை என்னவென்றால், 40 நிமிடத்தைப் பற்றி நீங்கள் யோசிக்கவே வேண்டாம். கண்ணெதிரே இருப்பது 3 நிமிடம் மட்டுமே. அதை யாரும் தாக்குப்பிடிக்கலாம்.

மெதுவான நிமிடங்களில் சற்று எழுந்து நின்று மிதியுங்கள். சாலையில் உடல் தானாகவே அசைந்துகொண்டிருக்கும். டிரெய்னரில் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதால், கால் வலிக்குமுன் இருக்கை வலி வந்து பயிற்சியை முடித்துவைத்துவிடும்.

'4 நிமிடம் போதும்' என்று இணையத்தில் சுற்றும் தபாத்தா பயிற்சி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு. ஜப்பானிய ஆய்வாளர் இஸுமி தபாத்தாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்வு, நிலையான சைக்கிளில்தான் நடந்தது. ஆனால் அதில் கலந்துகொண்டவர்கள் உடற்பயிற்சியில் நன்கு பழகிய இளையர்கள். பல மாதம் சும்மா இருந்துவிட்டு அதில் குதிப்பது நல்ல யோசனையல்ல.

வேலை முடிந்து வந்தால் ஏன் கால் கனக்கிறது?

நாள் முழுக்க நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கால்களுக்கு வேலையே இல்லை. ஆனாலும் மாலையில் மிதிக்க முடியவில்லை.

2009இல் வேல்ஸ் நாட்டின் பேங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவெலே மார்கோராவும் சக ஆய்வாளர்களும் அதை ஆராய்ந்தனர். 16 பேரைக் களைத்துப்போகும்வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். ஒரு நாள் அதற்கு முன்பு 90 நிமிடம் கவனத்தைக் கோரும் கணினிப் பணி. இன்னொரு நாள் சாதாரண ஆவணப்படம்.

மூளை களைத்திருந்த நாளில் அவர்கள் சீக்கிரமாகவே நிறுத்திக்கொண்டனர். சராசரியாக 754 விநாடி தாக்குப்பிடித்தவர்கள், 640 விநாடியில் இறங்கிவிட்டார்கள். இதயமும் தசைகளும் வழக்கம்போலவே இயங்கின. மாறியது ஒன்றுதான்: அதே வேலை கூடுதல் கடினமாகத் தெரிந்தது.

ஆக, மாலைப் பயிற்சி பாரமாகத் தெரிவது வெறும் சாக்குப்போக்கு இல்லை.

முடிந்தால் கடினமான பயிற்சியைக் காலைக்கு மாற்றுங்கள். மாலைதான் நேரம் என்றால், வீட்டுக்கு வந்ததும் 20 நிமிடம் கைபேசியைத் தொடாமல் இருந்துவிட்டு ஏறுங்கள். அன்றைக்கு மெதுவான பயிற்சி போதும். பயிற்சிக்கு முன் ஒரு கோப்பி-ஓ கோசோங் உதவும். காஃபின் உடலின் களைப்புணர்வைக் குறைக்கும். ஆனால் மாலையில் கோப்பி குடித்தால் தூக்கம் கெடும் என்பவர்கள் அதைத் தவிர்த்துவிடலாம்.

பாட்டும் நல்ல துணை. நிதானமான வேகத்தில் மிதிக்கும்போது இசை களைப்பை மறக்கடிக்கும். மூச்சு வாங்கும் அளவுக்கு வேகம் போய்விட்டால் ரஹ்மானோ அனிருத்தோ, யாராலும் பெரிதாகக் காப்பாற்ற முடியாது.

மழை பெய்தால் என்ன செய்வீர்கள்? இப்போதே சொல்லுங்கள்

"மழை பெஞ்சா வீட்டுல பாத்துக்கலாம்." இந்த 'பாத்துக்கலாம்' என்ற சொல்தான் ஆபத்து.

ஒரு செயலை எப்போது, எங்கே செய்வோம் என்று முன்கூட்டியே 'இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்' என முடிவெடுத்தவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களிலிருந்து அதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

"5.50க்கு மைஇஎன்வி செயலியில் மழைப்படத்தைப் பார்ப்பேன். கிழக்குப் பகுதியில் மழை இருந்தால் 6 மணிக்கு டிரெய்னரில் இருப்பேன்." இது முடிவு. 'பாத்துக்கலாம்' முடிவல்ல.

அதற்குச் சைக்கிள் தயாராக நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் பின்சக்கரத்தைக் கழற்றி, டிரெய்னரை அலமாரியிலிருந்து இழுத்து, விரிப்பைப் போட்டு... அதற்குள் ஆசை போய்விடும்.

வீவக வீட்டில் இடம் ஏது என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. "ஹால் நடுவுல சைக்கிளா?" என்று வீட்டில் கேட்பதும் நியாயம்தான். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதத்துக்கு மட்டும் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். முடியும் தேதியைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கீழ்வீட்டுக்காரரையும் மறந்துவிடாதீர்கள். டிரெய்னரின் அதிர்வு தரை வழியாக இறங்கும். அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு அவசியம். இரவு 10 மணிக்கு மேல் ஓட்டவேண்டாம். விடியற்காலையில் ஓட்டுபவர்கள் ஒருமுறை கீழே போய், "சத்தம் கேக்குதா?" என்று கேட்டுவிட்டு வருவது நல்லது.

இன்னொரு தந்திரமும் உண்டு. பிடித்த தொடர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சைக்கிளில் இருக்கும்போது மட்டுமே அதைப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேத்தரின் மில்க்மன் குழு அதைச் சோதித்து 2014இல் வெளியிட்டது. விறுவிறுப்பான ஒலிநூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று கட்டுப்படுத்தப்பட்டவர்கள், தொடக்கத்தில் மற்றவர்களைவிட 51 விழுக்காடு அதிகமுறை கூடத்துக்குப் போனார்கள்.

ஆனால் அந்த ஆய்வில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. அமெரிக்காவின் நன்றி நவிலும் நாள் விடுமுறை வந்ததும் பலன் சரிந்துவிட்டது. நமக்கும் மழைக்காலத்தில்தான் பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், பொங்கல், சீனப் புத்தாண்டு எல்லாம் வரிசைகட்டி வருகின்றன. விடுமுறையில் பயிற்சி நிற்கும். நிற்கட்டும். மறுபடி எந்தத் தேதியில் ஏறுவது என்பதை ஊருக்குப் போகுமுன்பே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள்.

எதற்காக மிதிக்கிறீர்கள்?

2016 பிப்ரவரி இறுதியில் ஆஸ்திரேலியச் சைக்கிளோட்டி மேத்யூ ஹேமன் பெல்ஜியத்தில் நடந்த போட்டியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். அவருக்கு அப்போது 37 வயது. சாலையில் ஓட்ட முடியாது. வீட்டில் டிரெய்னரில் சைக்கிளை மாட்டி, ஸ்விஃப்ட் எனும் மெய்நிகர்ச் செயலியில் வாரக்கணக்கில் மிதித்தார். ஏப்ரல் 10ஆம் தேதி பாரிஸ்-ரூபே பந்தயம். நான்கு முறை அதில் வென்ற டாம் பூனனை இறுதிக் கட்டத்தில் முந்தி ஹேமன் வென்றார்.

அவருக்கு அலுப்பு இல்லாமலா இருந்திருக்கும்? ஆனால் அவர் முன்னால் ஒரு தேதி இருந்தது.

உங்களுக்கு ரூபே வேண்டாம். மார்ச்சில் நண்பர்களுடன் தீவைச் சுற்றி ஒரு பயணம் போதும். அல்லது அடுத்த ரத்தப் பரிசோதனைக்கான தேதி. தேதி இல்லாமல் மிதிப்பவருக்குத்தான் சுவர் கண்ணில் படுகிறது.

தனியாக அலுப்பாக இருந்தால் மெய்நிகர்ச் செயலிகளில் மற்றவர்களுடன் சேர்ந்து ஓட்டலாம். அதை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2020 டிசம்பரில் அதில் உலகப் போட்டியே நடத்தியது. 2023 ஜூனில் சிங்கப்பூரில் நடைபெற்ற ஒலிம்பிக் மின்விளையாட்டு வாரத்திலும் அந்தச் சைக்கிளோட்டம் இடம்பெற்றது. ஆனால் அதற்குச் சந்தா உண்டு. நண்பருடன் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டே மிதித்தாலும் ஏறக்குறைய அதே பலன்தான் என்பேன்.

யார் கவனமாக இருக்கவேண்டும்?

இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் சர்க்கரை அளவைப் பார்ப்பது நல்லது. மாத்திரையின் அளவு பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதயப் பிரச்சினை உள்ளவர்கள் வேகமான பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தலைசுற்றல், நெஞ்சுவலி, திடீர்க் குளிர்நடுக்கம் வந்தால் நிறுத்திவிடுங்கள். தொடர் பாதியில் நின்றாலும் பரவாயில்லை.

பிப்ரவரியில் மழை குறையத் தொடங்கியதும் வெளியே கிளம்புவீர்கள். அதற்குமுன் சைக்கிளை ஒருமுறை பாருங்கள். உப்பு வியர்வை சொட்டிய இடங்களில், குறிப்பாகக் கைப்பிடியின் திருகாணிகளில், துரு பிடித்திருக்கலாம். பின்சக்கரம் உருளையில் உரசும் வகை டிரெய்னர் என்றால் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். அந்த டயருடன் ஈரச்சாலையில் வளைவில் திரும்பவேண்டாம். மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.